ஒரு பிரேக் குழாயைத் தேடி

என் மைத்துனர் ஒரு சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கிறார். முன்னால் இருவர் உட்கார இடமும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள, ‘பிக்கப்’ என்று எல்லோரும் சொல்லும் வண்டி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலுள்ள சிறு ஆலைகளில் இரும்பு வார்ப்புகளை ஏற்றி வந்து, திருவள்ளூரைச் சுற்றியுள்ள லேத் பட்டறைகளில் இறக்குவது அவர் தொழில். வண்டி ஓடினால்தான் மாதத் தவணை கட்ட முடியும். வீட்டில் அடுப்பும் எரியும்.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு மாலை அவர் பாரத்தோடு பெரியபாளையத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். சாலையின் குறுக்கே ஓர் ஆட்டு மந்தை திடீரென்று இறங்கியது. அவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வழக்கமாகப் பாதி தூரம் இறங்கி நிற்கும் பெடல், அன்று ‘பொதுக்’கென்று கிட்டத்தட்டத் தரை வரைக்கும் போய்விட்டது. வண்டி உடனே நிற்கவில்லை. சற்றுத் தூரம் இழுத்துக்கொண்டு போய், சாலையோர மண்ணில் இறங்கி நின்றது. ஆடுகள் தப்பின, மேய்த்துக்கொண்டு வந்த சிறுவனும் தப்பினான். இறங்கிக் குனிந்து பார்த்தபோது, பின் அச்சின் மேல் எண்ணெய் போன்ற ஒரு திரவம் வழிந்துகொண்டிருந்தது. பிரேக் குழாய் வெடித்திருந்தது.

“மாமா, காலையில கூட பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. எந்தக் குறையும் தெரியலையே!” என்றார் அவர், வீட்டுக்கு வந்ததும்.

அவர் சொன்னது உண்மைதான். மாணவ நண்பர்களே, காலையில் நன்றாக இருந்த ஒரு குழாய் மாலையில், அதுவும் மிகவும் தேவைப்பட்ட அந்த ஒரு நொடியில் ஏன் உடைந்தது? இது தற்செயல் அல்ல. இதற்குப் பின்னால் நீங்கள் பாடத்தில் படிக்கும் இயற்பியல் இருக்கிறது. அந்தக் குழாய்க்கு மாற்றுத் தேடி நாங்கள் மூன்று நாட்கள் அலைந்த கதையோடு சேர்த்து அதையும் பார்ப்போமா?

காலின் விசை சக்கரத்துக்குப் போவது எப்படி?

மோட்டார் வண்டிகள் தோன்றிய தொடக்கக் காலத்தில், பிரேக் பெடலையும் சக்கரத்தையும் இரும்புக் கம்பிகளும் வடங்களும் இணைத்தன. ஒரு கம்பி சற்று நீண்டுவிட்டாலும் ஒரு சக்கரம் மட்டும் தாமதமாகப் பிடிக்கும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நான்கு சக்கரங்களையும் ஒரே அளவில் பிடிக்க வைப்பது பெரும் பாடாக இருந்தது.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த மால்கம் லாக்ஹீட். விமானத் தொழிலில் புகழ்பெற்ற சகோதரர்களில் ஒருவர் இவர். கம்பிக்குப் பதிலாகத் திரவத்தைப் பயன்படுத்தினார். 1921-ல் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்குடன் வெளிவந்தது. நம் நாட்டிலும் பிரேக் உறுப்புகளைச் செய்யும் தொழில் வேரூன்றியது; சென்னை பாடியிலுள்ள பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-ல் தொடங்கப்பட்டது.

இதற்கு அடிப்படை நீங்கள் நன்கு அறிந்த பாஸ்கல் விதி. மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் இதை எழுதிய நூல், அவர் மறைந்த மறு ஆண்டு, 1663-ல் அச்சேறியது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநர் 30 கிலோகிராம் எடையளவு விசையால் பெடலை மிதிக்கிறார் என்று கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை 4 மடங்காக்கினால், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மேல் விழுவது 120 கி.கி. அந்தப் பிஸ்டனின் விட்டம் 2 செ.மீ. என்றால் அதன் பரப்பு 3.14 சதுர செ.மீ. ஆகவே திரவத்தில் எழும் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 38 கி.கி. கார் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் 2 கி.கி. அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

இந்த அழுத்தம் குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. அங்கே 5 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டன் இருந்தால், அதன் பரப்பு 19.6 சதுர செ.மீ. அதன் மேல் விழும் விசை 38 × 19.6, அதாவது ஏறக்குறைய 750 கி.கி. முப்பது கிலோ மிதி எழுநூற்றைம்பது கிலோ பிடியாகிவிட்டது. ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை பெருகிய அளவுக்கு நகரும் தூரம் குறைந்துவிடும். பெடல் பல செ.மீ. இறங்க, சக்கரத்தின் பிஸ்டன் ஒரு மி.மீ. கூட நகராது.

இன்றைய வண்டிகளில் ஓட்டுநரின் மிதிக்குத் துணைசெய்ய வெற்றிட ‘பூஸ்டர்’ என்னும் அமைப்பும் உண்டு. அதனால் அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 100 கி.கி. வரைகூட ஏறலாம். இந்த இரண்டு எண்களையும், சாதாரண மிதிக்கு 38, அவசர மிதிக்கு 100 என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

குழாய் ஏன் இவ்வளவு மெல்லியது?

பிரேக் குழாயை முதன்முதலாகப் பார்க்கும் மாணவர்கள் ஏமாந்துபோவார்கள். நாம் எழுதும் பென்சிலைவிடவும் அது மெல்லியது. பரவலாகப் பயன்படும் குழாயின் வெளிவிட்டம் 4.75 மி.மீ.; சுவரின் தடிமன் 0.7 மி.மீ. ஆகவே உள்விட்டம் 3.35 மி.மீ. இவ்வளவு மெல்லிய குழாய் 100 கி.கி. அழுத்தத்தை எப்படித் தாங்குகிறது?

குழாயில் 1 செ.மீ. நீளமுள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். அதை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்ததாகக் கற்பனை செய்யுங்கள். இரண்டு பாதிகளையும் பிரித்துத் தள்ளும் விசை எவ்வளவு? அழுத்தத்தை உள்விட்டத்தாலும் நீளத்தாலும் பெருக்க வேண்டும். 100 × 0.335 × 1 = 33.5 கி.கி. இந்த விசையைத் தாங்கிப் பிடிப்பவை இரு பக்கத்துச் சுவர்கள். ஒவ்வொன்றின் குறுக்குப் பரப்பும் 0.07 சதுர செ.மீ.; இரண்டும் சேர்ந்து 0.14. ஆகவே சுவரில் எழும் தகைவு 33.5 ÷ 0.14, அதாவது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 240 கி.கி.

இத்தகைய மெல்லெஃகு கிழிய வேண்டுமானால் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 3000 கி.கி. வேண்டும். அப்படியானால் புதுக் குழாய், மிகக் கடுமையான மிதியைப் போல் 12 மடங்கு தாங்கும். விட்டம் சிறிதாக இருப்பதுதான் இதன் பலம். அதே சுவர்த் தடிமனோடு விட்டத்தைப் பத்து மடங்காக்கினால், பிளக்கும் விசையும் பத்து மடங்காகிவிடும் அல்லவா?

இந்தக் குழாயைச் செய்யும் முறையும் சுவையானது. தாமிரம் பூசிய மெல்லிய எஃகுப் பட்டையை, பாய் சுருட்டுவதுபோல் இரண்டு சுற்றாகச் சுருட்டுவார்கள். பிறகு உலையில் தாமிரம் உருகும் வெப்பநிலைக்கு, அதாவது 1083 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்குவார்கள். எஃகு உருகாது, தாமிரம் உருகி இரண்டு சுற்றுகளையும் ஒன்றோடொன்று பற்ற வைத்துவிடும். இப்படி இரட்டைச் சுவர் கொண்ட குழாய் கிடைக்கிறது. ஒரு சுற்றில் சிறு ஓட்டை இருந்தாலும் மற்றச் சுற்று காப்பாற்றும். இதன் மேல் துத்தநாகப் பூச்சு, பிளாஸ்டிக் உறை போன்ற காப்புகளும் உண்டு.

துரு எங்கே ஒளிந்திருந்தது?

மறுநாள் வண்டியை ஒரு பட்டறையில் விட்டோம். மேஸ்திரி அடியில் படுத்து, வெடித்த குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நான் எதிர்பார்த்ததுபோல் குழாய் முழுவதும் துருப்பிடித்திருக்கவில்லை. பெரும்பகுதி நன்றாகவே இருந்தது. வண்டியின் சட்டத்தோடு குழாயைப் பிடித்திருந்த ஒரு சிறு கிளிப்புக்கு அடியில் மட்டும், குழாய் கறுத்துக் குழிந்திருந்தது. நடுவில் குண்டூசி நுனியளவு ஓட்டை.

ஏன் கிளிப்புக்கு அடியில்? வேதியியல் வகுப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி. ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது, அது நேர்மின்முனை. இன்னோரிடத்தில் நீரும் ஆக்சிஜனும் அந்த எலக்ட்ரான்களை ஏற்கின்றன, அது எதிர்மின்முனை. கிளிப்புக்கு அடியில் சேறும் ஈரமும் தேங்குகின்றன. அங்கே காற்று எளிதில் புகாது. ஆகவே ஆக்சிஜன் குறைவு. வெளியே ஆக்சிஜன் மிகுதி. இந்த வேறுபாட்டால், காற்றுப் படாத அந்த மறைவான இடமே நேர்மின்முனையாகிக் கரையத் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் இடம் பிழைக்கும். தெரியாத இடம் அரிக்கப்படும்.

உப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதிலுள்ள குளோரைடு அயனிகள் குழிக்குள் புகுந்து அரிப்பை வேகப்படுத்தும். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியும் அதற்கப்பால் வங்கக் கடலும் இருக்கின்றன. உப்பங்காற்று வீசும் பகுதி. உலைகளும் ஆலைகளும் நிறைந்த இடத்தில் காற்றில் கலக்கும் கந்தக டைஆக்சைடு, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாவதும் உண்டு. என் மைத்துனரின் வண்டி நாள்தோறும் நின்றது இங்கேதான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய தொல்லை அன்று. அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில், சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவுவார்கள். அங்கே 1999 முதல் 2003 வரையிலான ஆண்டுகளில் வெளிவந்த பல இலட்சம் பிக்கப் வண்டிகளிலும் அவற்றையொத்த வண்டிகளிலும் பிரேக் குழாய்கள் துருப்பிடித்து உடைவதாகப் புகார் எழுந்தது. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2015-ல் விசாரணையை முடித்தது. வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிடவில்லை. வண்டியின் அடிப்பகுதியை நன்றாகக் கழுவுங்கள், பழைய வண்டிகளின் குழாய்களை ஒழுங்காகச் சோதியுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை கூறியது.

காலையில் நன்றாக இருந்தது ஏன்?

இப்போது மைத்துனரின் கேள்விக்கு வருவோம். துரு வெளியிலிருந்து தின்று, ஓரிடத்தில் சுவரின் தடிமன் 0.05 மி.மீ. ஆகிவிட்டது என்று கொள்வோம். ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன். இரு பக்கமும் அப்படியே மெலிந்ததாகக் கொண்டால், தாங்கும் பரப்பு 0.01 சதுர செ.மீ. மட்டுமே.

சாதாரணமாக மிதிக்கும்போது அழுத்தம் 38. பிளக்கும் விசை 38 × 0.335, அதாவது 12.7 கி.கி. தகைவு 12.7 ÷ 0.01 = 1270. மெல்லெஃகின் எல்லை 3000. குழாய் தாங்கிவிடும்! பெடலில் ஒரு வேறுபாடும் தெரியாது.

அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது அழுத்தம் 100. பிளக்கும் விசை 33.5 கி.கி. தகைவு 3350. எல்லையைத் தாண்டிவிட்டது. குழாய் வெடிக்கும்.

இது தோராயமான கணக்கு. குழி சிறியதாக இருந்தால் சுற்றியுள்ள நல்ல உலோகம் சற்றுத் தாங்கிக்கொள்ளும். ஆனால் உண்மை மாறாது. தேய்ந்த குழாய், மெல்ல மிதிக்கும் நூறு தடவையும் ஒழுங்காக வேலை செய்யும். உயிருக்காக ஓங்கி மிதிக்கும் ஒரு தடவை கைவிட்டுவிடும். “இதுவரை ஒன்றும் ஆகவில்லை” என்பது ஒரு குழாயின் நலத்துக்குச் சான்றாகாது. தேய்ந்துகொண்டே வரும் கயிறு, கம்பி, மின்தூக்கியின் வடம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அன்றைக்கு உயிர்ச்சேதம் இல்லாமல் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. இன்றைய வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டரில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள் இருக்கும். எங்கள் வண்டியில் ஒன்று முன்சக்கரங்களுக்கு, மற்றொன்று பின்சக்கரங்களுக்கு. பின்பக்கக் குழாய் வெடித்துத் திரவம் வடிந்தபோதும், முன்பக்கச் சுற்று வேலை செய்தது. பாதி பிரேக்கால் வண்டி நின்றது. எதிர்பாராத தவற்றுக்கு முன்கூட்டியே இடம் விட்டுத் திட்டமிட்ட பொறியாளருக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

குழாய் கிடைக்குமா?

பழைய குழாயை ஒரு பையில் போட்டுக்கொண்டு தேடத் தொடங்கினோம். மோட்டார் தொழிலுக்குப் பெயர்போன வட்டாரம் இது. எண்ணூரில், 1948-ல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலை இருக்கிறது. திருவள்ளூரிலேயே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 2013 முதல் சில ஆண்டுகள் இசுசு பிக்கப் வண்டிகளைப் பூட்டினார்கள். 2016-ல் அந்த வேலை, எல்லைக்கு அப்பால் ஆந்திரத்திலுள்ள ஸ்ரீசிட்டிக்குப் போய்விட்டது. எங்கள் வண்டி வேறொரு கம்பெனியுடையது. அந்த மாதிரி உற்பத்தியும் எப்போதோ நின்றுவிட்டது.

முதலில் கம்பெனியின் ஸ்பேர்ஸ் கடைக்குப் போனோம். கணிப்பொறியில் பார்த்துவிட்டு, “இருப்பு இல்லை சார். சொல்லி வரவழைக்கணும். வருமா, எப்ப வரும்னு உறுதியாச் சொல்ல முடியாது” என்றார்கள். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் மைத்துனருக்கு நட்டம். அவர் முகம் வாடியது.

இரண்டாவது நாள் சென்னை புதுப்பேட்டைக்குப் போனோம். பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்புகளை விற்கும் பெரிய சந்தை அது. ஒரு கடையில் அதே மாதிரி வண்டியின் குழாய் கிடைத்தது. மைத்துனருக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கோ தயக்கம். கண்ணாடி, கதவு, இருக்கை என்றால் பழையதை வாங்கலாம். ஆனால் இந்தக் குழாய் எங்கள் வண்டியின் வயதேயுள்ள இன்னொரு வண்டியில் இருந்தது. அதன் கிளிப்புகளுக்கு அடியில் என்ன நேர்ந்திருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. மேலும், ஒருமுறை வளைத்த குழாயை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் உலோகம் கடினமாகி வெடிப்பு விடும். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

மேஸ்திரியிடம் திரும்பினோம். அவர் ஒரு வழி சொன்னார். “எதுக்கு சார் இவ்வளவு அலைச்சல்? கெட்டுப்போன துண்டை மட்டும் அறுத்து எறிஞ்சிட்டு, பிரிட்ஜ் ரிப்பேர்க்காரங்ககிட்ட இருக்கிற செம்புக் குழாயை வெச்சுப் பத்த வெச்சுடலாம். ஒரு மணி நேர வேலை.”

மைத்துனர் என் முகத்தைப் பார்த்தார். அவருடைய ஒரு நாள் வருமானம் என் பதிலில் இருந்தது. “வேண்டாம் அண்ணே” என்றேன். ஏன் என்று அவருக்குச் சொன்ன காரணங்களை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, தூய செம்பு மிருதுவானது. அதிர்வு தொடர்ந்து பட்டால் அது மெல்ல மெல்லக் கடினமாகி, ஒருநாள் விரிசல் விடும். ஒரு செம்புக் கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதலில் எளிதாக வளையும், பிறகு முரண்டு பிடிக்கும், இறுதியில் ஒடியும். கரடுமுரடான சாலையில் குலுங்கும் வண்டியின் குழாய்க்கு நடப்பதும் இதுதான். இரண்டாவது, பற்றவைக்கும் சூட்டில் குழாயின் காப்புப் பூச்சு எரிந்துபோகும். உள்ளே உண்டாகும் ஆக்சைடுச் செதில்கள் திரவத்தோடு ஓடி, சிலிண்டரின் ரப்பர் வாஷர்களைக் கீறிவிடும். மூன்றாவது, குழாயின் ஓரிடம் துருவால் கெட்டிருந்தால், மற்றக் கிளிப்புகளின் அடியிலும் துரு தொடங்கியிருக்கும். ஒன்றை ஒட்டிவிட்டு மற்றதை விட்டால் பயனென்ன?

செம்புக் கலவையே ஆகாது என்று எண்ணிவிடாதீர்கள். 90 பங்கு தாமிரத்தோடு 10 பங்கு நிக்கல் சேர்ந்த உலோகக் கலவை துருவுக்கு அஞ்சாது. போதிய வலிமையும் உண்டு. சுவீடன் நாட்டின் வால்வோ கார்களில் 1976 முதல் இந்தக் குழாயைப் பயன்படுத்தினார்கள். தூய செம்புக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அந்தப் பத்துப் பங்கு நிக்கல்தான்!

மேஸ்திரி கோபித்துக்கொள்ளவில்லை. சற்று யோசித்தவர், “அப்போ தொழிற்பேட்டைப் பக்கம் ஒருத்தர் லாரிக்கெல்லாம் புதுசாவே பைப் அடிச்சுத் தர்றார், போய்ப் பாருங்க சார்” என்று வழிகாட்டினார்.

நூலும் அளவுகோலும்

அது ஒரு சிறிய கூரைப் பட்டறை. சுவரில் புதுப் பிரேக் குழாய்ச் சுருள்கள் தொங்கின. பட்டறைக்காரர் எங்கள் பழைய குழாயை வாங்கி, ஒரு சணல் நூலை அதன் வளைவுகளோடு ஒட்டிக்கொண்டே போனார். பிறகு நூலை நீட்டி அளந்தார். வளைகோட்டின் நீளத்தை அளக்க நீங்கள் ஆய்வகத்தில் செய்யும் அதே முறை!

அடுத்து, முனையிலுள்ள நட்டை எடுத்துப் பார்த்தார். “இதில்தான் சார் பலர் ஏமாறுவாங்க” என்று இரண்டு நட்டுகளைக் காட்டினார். பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று மெட்ரிக் அளவு. மரையின் விட்டம் 10 மி.மீ., இரண்டு மரைகளுக்கு இடையே 1 மி.மீ. மற்றொன்று அங்குல அளவு. விட்டம் மூன்றில் எட்டு அங்குலம் அன்று, எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.525 மி.மீ.; அங்குலத்துக்கு 24 மரை, ஆகவே இடைவெளி 1.058 மி.மீ. விட்டத்தில் வேறுபாடு அரை மி.மீ.க்கும் குறைவு. அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள் நுழைந்துவிடும். இறுகியது போலவும் இருக்கும். ஆனால் மரைகள் ஓரத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். ஓங்கி மிதிக்கும் நாளில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். நட்டு உள்ளே போனதாலேயே பொருந்திவிட்டது என்று ஆகாது. அவர் வெர்னியர் அளவியால் அளந்து, மரை அளவித் தகட்டையும் வைத்துப் பார்த்து, எங்களுடையது மெட்ரிக் என்று உறுதி செய்தார்.

கடைசியில் முனை மடிப்பு. குழாயின் முனையைப் புனல்போல் விரித்தால்தான் அது இருக்கையில் பொருந்தி, திரவம் கசியாமல் நிற்கும். வெறுமனே ஒருமுறை விரித்தால் விளிம்பு மெலிந்து வெடித்துவிடும். ஆகவே முதலில் விளிம்பை உட்புறம் மடித்து, பிறகு விரிக்கிறார்கள். புடவை ஓரத்தை மடித்துத் தைப்பதுபோல. இதில் புனல் வடிவம், குமிழ் வடிவம் என இரண்டு வகை உண்டு. ஒன்றின் இருக்கையில் மற்றது உட்காராது. எங்களுடையது புனல் வடிவம். மறக்காமல் நட்டைக் குழாயில் மாட்டிவிட்டு, பிறகு முனையை மடித்தார். மறந்தால் குழாயை வெட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்!

காற்றுக் குமிழ் என்னும் எதிரி

புதுக் குழாயை மாட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. குழாய்க்குள் காற்று இருக்கிறது. அதை வெளியேற்றும் வேலையை ‘ஏர் எடுப்பது’ என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அது ஏன் தேவை?

எங்கள் கணக்கிலிருந்த மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 3 செ.மீ. நகரும் என்றால், அது தள்ளும் திரவம் 3 × 3.14 = 9.4 கன செ.மீ. குழாயில் 5 கன செ.மீ. காற்று மாட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? பாயில் விதியைப் பயன்படுத்துங்கள். வளியழுத்தத்தையும் சேர்த்தால், மிதிக்கும்போது அழுத்தம் 1-லிருந்து 39 ஆகிறது. காற்றின் பருமன் 5 ÷ 39, அதாவது 0.13 கன செ.மீ. ஆகச் சுருங்கும். ஏறக்குறைய 4.9 கன செ.மீ. திரவம் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிவிட்டது. பெடலின் பாதி ஓட்டம் போய்விட்டது! திரவமோ அதே அழுத்தத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவே சுருங்கும்.

பிரேக்கில் ஊற்றும் திரவத்தைப் பிரேக் ஆயில் என்று சொன்னாலும், அது நாம் அறிந்த எண்ணெய் அன்று. கிளைக்கால் சேர்மங்களின் கலவை. அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் உறுப்புகள் ஊதிக் கெட்டுவிடும். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற தரமுள்ள புதுத் திரவம் 205 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் 3.7 விழுக்காடு சேர்ந்த பிறகு அந்த எல்லை 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் போட்டு இறங்கும்போது சூட்டில் ஈரத் திரவம் கொதித்தால், குழாய்க்குள் நீராவிக் குமிழ்கள் உண்டாகும். விளைவு, காற்று புகுந்ததைப் போன்றதே. ஆகவே பழைய திரவம் முழுவதையும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினோம்.

எங்கள் வண்டியில் ஓட்டுநர் வலப்புறம். மாஸ்டர் சிலிண்டரும் அந்தப் பக்கமே. அதற்கு மிகத் தொலைவிலுள்ளது இடது பின்சக்கரம். அங்கிருந்து தொடங்கினார் மேஸ்திரி. “மிதிங்க… மிதிங்க… மிதிச்சுப் பிடிங்க!” என்று அவர் குரல் கொடுக்க, மைத்துனர் மிதித்துப் பிடித்தார். நிப்பிளைத் திறந்ததும் நுரையோடு திரவம் வந்தது. மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். இல்லையேல் காற்று திரும்பவும் உள்ளே போகும். குமிழ் வருவது முற்றிலும் நிற்கும்வரை நான்கு சக்கரங்களிலும் இப்படியே செய்தார்கள்.

பிறகு நான் ஒன்று கேட்டுக்கொண்டேன். என்ஜினை ஓடவிட்டு, நின்ற நிலையிலேயே மைத்துனர் தம் முழு பலத்தோடு பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் மேஸ்திரி ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பார்க்க வேண்டும். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். 38-ல் தாங்குகிறதா என்று பார்த்தால் போதாது. 100-ல் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தாள் ஈரமாகவில்லை. மீதியிருந்த பழைய குழாய்களையும் ஒவ்வொன்றாக மாற்றிய பிறகே வண்டி மறுபடி கும்மிடிப்பூண்டிக்குப் புறப்பட்டது. மூன்று நாள் வருமானம் போனது உண்மைதான். மைத்துனர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆடு மேய்த்த அந்தப் பையனைப் பற்றி மட்டும் இரண்டு முறை பேசினார்.

நீங்களே செய்து பாருங்கள்

ஊசி இல்லாத இரண்டு மருந்துப் பீச்சாங்குழல்களை வாங்குங்கள். ஒன்று சிறியது, ஒன்று பெரியது. புதியவையாக இருக்கட்டும். இரண்டையும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணைத்து, குமிழ் இல்லாமல் நீரை நிரப்புங்கள். சிறியதை ஒரு விரலால் அழுத்துங்கள். பெரியதை இன்னொரு கையால் தடுக்க முயலுங்கள். எது வெல்கிறது? இரண்டும் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்று அளவுகோல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, வேண்டுமென்றே குழாயில் சிறிது காற்றை விட்டு மறுபடி அழுத்துங்கள். ‘பொதுக்’கென்ற அந்த உணர்ச்சியை உங்கள் விரலே சொல்லும்.

ஓர் எச்சரிக்கை: ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். பிரேக் வேலையை அனுபவமுள்ளவர்களிடமே விட வேண்டும். ஆனால் வீட்டில் வண்டி இருந்தால், “அடிப்பக்கத்தைக் கழுவினீர்களா? கிளிப்புகளுக்கு அடியில் பார்த்தீர்களா? பிரேக் ஆயில் மாற்றி எத்தனை நாளாயிற்று?” என்று பெரியவர்களைக் கேட்க உங்களால் முடியும்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. குழாயின் சுவர் எல்லா இடத்திலும் பாதியாக, 0.35 மி.மீ. ஆக மெலிந்தால், 100 கி.கி. அழுத்தத்தில் தகைவு எவ்வளவு? அது தாங்குமா?

2. குழாயின் உள்விட்டம், சுவர்த் தடிமன் இரண்டையும் இரு மடங்காக்கினால் தகைவு கூடுமா, குறையுமா?

3. காற்றுக் குமிழ் 5 கன செ.மீ.க்குப் பதில் 1 கன செ.மீ. என்றால், பெடல் ஓட்டத்தில் எத்தனை பங்கு வீணாகும்?